வெள்ளச்சியின் தண்ணீர்க் கிண்ணம்

நான் (மாலை 3.40): பேராதனையில் ஹட்டன் பஸ் ஏறிவிட்டேன். பூனை பயப்படுமோ என்று நினைத்தேன், வெள்ளச்சி கூடைக்குள் தூங்குகிறாள்.

அண்ணன்: மிருக வைத்தியசாலையில் என்ன சொன்னார்கள்?

நான்: சிறுநீரக வருத்தம் அண்ணே. ஆரம்பம்தான். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கிரியேட்டினின் என்ற கழிவு இரத்தத்தில் 2.1. நாலு படியில் இரண்டாவது படியாம், அது 1.6 முதல் 2.8 வரை.

அம்மா: ஐயோ. வயசாகிறது, இளைக்கிறாள் என்றுதானே நினைத்தேன்.

நான்: நாங்கள் எல்லோருமே அப்படித்தான் நினைத்தோம் அம்மா. போன வருஷம் 3.9 கிலோ, இன்றைக்கு 3.4. சிறுநீரகத்தில் பாதிக்கு மேல் பழுதான பிறகுதான் வெளியே தெரியவரும் என்றார் டொக்டர்.

அம்மா: நான் ஒன்று சொல்லவேண்டும். ராத்திரியில் பாயை நனைக்கிறாள் என்று ஒரு வாரமாகப் படுக்கும்போது தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்து மேலே வைத்துவிடுகிறேன். விடியக் கதவைத் திறந்ததும் தண்ணீர்ப் பீலிக்கு ஓடுவாள். சிமெந்து விளிம்பில் முன்னங்காலை ஊன்றிக் கண்ணை மூடிக்கொண்டு நக்குவாள், நக்குவாள், நிறுத்தவே மாட்டாள். அதையும் பார்த்துக்கொண்டுதானே நின்றேன்.

நான்: உங்களுக்குத் தெரியாதே அம்மா, அழாதீர்கள். அவளுடைய சிறுநீரகத்தால் தண்ணீரைப் பிடித்து வைக்க முடியவில்லை. நிறையக் குடிப்பதால் நிறையப் போகவில்லை, நிறையப் போவதால்தான் குடிக்கிறாள். கிண்ணத்தை எடுத்தால் உடம்பு வற்றிவிடும். இனி அடுப்படியில் ஒரு கிண்ணம், இஸ்தோப்பில் ஒரு கிண்ணம். பனிக்காலத்தில் கொஞ்சம் வெதுவெதுப்பாக வைப்போம். பாய் நனைந்தால் நான் துவைக்கிறேன்.

அண்ணன்: சாப்பாடு? நெத்தலிக் கருவாடு இல்லாமல் சோற்றைத் தொடமாட்டாளே.

நான்: கருவாடு, டின் மீன் இரண்டும் நிறுத்தம். உப்பும் கூடாது, பொஸ்பரஸும் கூடாது. முள்ளிலும் எலும்பிலும் அந்தப் பொஸ்பரஸ் நிறைய இருக்கிறது. சிறுநீரக வருத்தத்துக்கென்றே ஈரமான சாப்பாடு விற்கிறார்கள். முதலில் பழைய சாப்பாட்டோடு ஒரு தேக்கரண்டி கலந்து, இரண்டு மூன்று வாரத்தில் மெல்ல மெல்ல மாற்றவேண்டும். பிடிக்கவில்லை என்றால் "பசித்தால் தின்பாள்" என்று விட்டுவிடக் கூடாது. இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தாலே பூனைக்கு ஈரலில் கொழுப்பு ஏறிவிடுமாம்.

அண்ணன்: கொழும்பில் தேடி வாங்கி வெள்ளிக்கிழமை பஸ்ஸில் அனுப்புகிறேன். அப்பா சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்த குட்டி. பதினாலு வருஷம் ஆகிறது.

சித்தி (நுவரெலியா): வெள்ளச்சிக்குக் கால் வலி என்று அன்றைக்குச் சொன்னாயே, ஒரு துண்டு பரசிட்டமோல் கொடுத்தால் என்ன?

நான்: வேண்டவே வேண்டாம் சித்தி. அது பூனைக்கு விஷம், உயிரே போய்விடும். இன்னொன்று, வீட்டில் லில்லிப் பூ இருக்கிறதா என்று டொக்டர் கேட்டார். அதன் மகரந்தத் தூளை நக்கினாலே நல்ல பூனைக்கும் சிறுநீரகம் செயலிழந்துவிடுமாம்.

சித்தி: கடவுளே. அப்பாவின் திவசத்துக்கு நான்தானே ஒரு கட்டு கொண்டுவந்தேன்! இனி ரோஜாதான் கொண்டுவருவேன்.

அம்மா: மாதா மாதம் நிறுக்க வேண்டுமா? தேயிலைக் கொழுந்து நிறுக்கிற தராசு சரிவருமா?

நான்: நூறு கிராம் குறைந்தாலும் தெரியவேண்டும் அம்மா. அண்ணே, 5 கிலோ வரை நிறுக்கும் சமையல் தராசு ஒன்றும் வாங்குங்கள்.

அண்ணன்: சரி. எத்தனை நாள் இருப்பாள் என்று கேட்டாயா?

நான்: கேட்டேன். இந்தப் படியிலேயே கண்டுபிடித்தால் வருஷக்கணக்கில் இருக்கிற பூனைகள் உண்டாம். மூன்று மாதத்தில் திரும்ப இரத்தம் பார்க்கவேண்டும், பிரஷரும் பார்க்கவேண்டும். பிரஷர் ஏறினால் கண் போய்விடும்.

அம்மா (மாலை 6.35): இரண்டு கிண்ணமும் வைத்துவிட்டேன். எங்கே வருகிறாய்?

நான்: ஹட்டன் வந்துவிட்டேன். கொட்டகலை பஸ்ஸுக்கு நிற்கிறேன். முழித்துவிட்டாள், கத்துகிறாள்.

அம்மா: தாகமாக இருக்கும். டோர்ச் எடுத்துக்கொண்டு ரோட்டுக்கு வருகிறேன், போத்தலில் தண்ணீரும் கொண்டுவருகிறேன்.