புதுப்பிப்பு: வலிப்பு வரேக்க மூளைக் கலமெல்லாம் ஒண்டாத் துடிக்குமோ?

போன கிழமை இதைத்தான் கேட்டிருந்தன், தம்பின்ர வலிப்பைப் பாத்திட்டு. அப்பிடியில்லையாம்.

ஆய்வுகூட எலிகளின்ர மூளைக்குள்ள தலைமயிரிலும் மெல்லிய மின்வாய்களை இறக்கி, கலம் கலமா மின்துடிப்பைப் பதியினம். 4-அமினோபிரிடீன் எண்ட இரசாயனத்தைக் குடுத்து வலிப்பு வரப்பண்ணினா, தொடக்கத்தில பலமாத் துடிக்கிறது மற்றதுகளை அடக்க வேண்டிய கலங்களாம்! காவல்காரனே முதல் கூச்சல் போட்ட மாதிரி. வேற சிலது அளவுக்கு மிஞ்சின தூண்டலால நடுவில வாயடைச்சும் போகுது. எனக்கு இதுதான் பெரிய அதிசயம்.

நேற்றும் கிளிநொச்சிச் சந்தையடியில தம்பி விழுந்திட்டான். ஒரு ஐயா ஓடிவந்து கையில திறப்புக்கோர்வையைத் திணிச்சார். இரும்புக்கு எந்தக் கலம் அடங்கும்? சரிச்சுப் படுக்கவச்சு மணிக்கூட்டைப் பாத்தன்: 2 நிமிசம். எழும்பினதும் சோடா கேட்டான்.