5.5 அங்குல ராக்கெட், 54 மி.மீ மவுண்ட்: எல்2-வுக்கு ஜே போதுமா, கே வேண்டுமா?

ஒட்டுப்பலகை:

எல்2 (பெரிய மோட்டார் ராக்கெட் ஏவ அனுமதிக்கும் இரண்டாம் நிலை) சான்றிதழுக்கான ராக்கெட், பெயிண்ட் மட்டும் பாக்கி. அளவுகள்: 5.54 அங்குல (141 மி.மீ) அட்டைக் குழாய், நீளம் 1.9 மீ, 6 மி.மீ பிர்ச் பிளைவுட் ஃபின் (வால் இறக்கை) மூன்று, 54 மி.மீ மோட்டார் மவுண்ட் (மோட்டார் உட்காரும் உள்குழாய்), பிளாஸ்டிக் நோஸ்கோன் (மூக்குக் கூம்பு). பாராசூட், கயிறு, இரண்டு ஆல்டிமீட்டர் (உயரம் பார்த்து பாராசூட்டைத் திறக்கும் கருவி) எல்லாம் உள்ளே வைத்து, மோட்டார் இல்லாமல் 6.2 கிலோ. இந்த நிலையில் சிஜி (ஈர்ப்பு மையம்) மூக்கு நுனியிலிருந்து 110 செ.மீ. ஓபன்ராக்கெட் மென்பொருள் காட்டும் சிபி (காற்றழுத்த மையம்) 132.4 செ.மீ. இடைவெளி 1.6 காலிபர், அதாவது குழாய் விட்டத்தைப் போல 1.6 மடங்கு வருகிறது.

ஏவப்போவது கலிஃபோர்னியா லூசர்ன் உலர் ஏரியில். கையில் இருப்பது 8 அடி 1010 ரெயில் (ஒரு அங்குல ஏவுகம்பம்).

ஏரோடெக் நிறுவனத்தின் கே185டபிள்யூ மோட்டார் மேல் ஒரு கண். 7 செகண்ட் எரியும், வெள்ளைப் புகை, பார்க்க நன்றாக இருக்கும். கே என்றால் ஜே-வைவிடப் பெரியது, எனவே தூக்கிவிடும் என்று எடுத்துக்கொள்ளலாமா? இல்லையென்றால் எது? ஒரே ஒரு கேஸ்தான் (எரிபொருள் போடும் உலோகக் கூடு) வாங்க முடியும். மெயின் பாராசூட் 72 அங்குலம், அது போதுமா என்றும் சொல்லுங்கள்.

குழாயடி:

கே185-ஐ மறந்துவிடுங்கள். எழுத்து என்பது குடத்தின் கொள்ளளவு. பின்னால் வரும் எண் குழாயில் தண்ணீர் வரும் வேகம். ஜே என்றால் மொத்த உந்தம் 640-க்கு மேல் 1280 நியூட்டன்-செகண்ட் வரை, கே என்றால் 2560 வரை. ஒவ்வொரு எழுத்துக்கும் இரட்டிப்பு. ஆனால் கம்பத்தை விட்டு ராக்கெட்டைக் கிளப்புவது எண்தான், அதாவது சராசரி உந்துவிசை, நியூட்டனில்.

உங்கள் ராக்கெட் மோட்டாரோடு சுமார் 7.6 கிலோ, அதாவது 75 நியூட்டன் எடை. 185-ஐ 75-ஆல் வகுத்தால் 2.5. சட்டக்குறியீடு கேட்கும் குறைந்தபட்சமே 3, நடைமுறையில் எல்லோரும் பார்ப்பது 5. கே185 மெலிந்த, 3 கிலோ ராக்கெட்டுக்கான மோட்டார். இதில் போட்டால் கம்பத்தின் நுனியிலேயே தள்ளாடிச் சாய்ந்து, காற்றுக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு படுத்தவாக்கில் போகும். எரிய இன்னும் 5 செகண்ட் மிச்சம் இருக்கும்போது படுத்துக்கொண்டால் அது ராக்கெட் இல்லை, ஏவுகணை.

ஒரே கேஸ் என்றால் 54/1280 வாங்குங்கள். பெயரில் இருக்கும் இரண்டாவது எண்தான் அந்தக் கேஸ் தாங்கும் அதிகபட்ச உந்தம். ஜே415டபிள்யூ, ஜே800டி இரண்டுமே இதில்தான் போகும். காலையில் காற்றைப் பார்த்துவிட்டு ரீலோடை (கேஸுக்குள் போடும் எரிபொருள் கிட்) தேர்வு செய்யலாம். பிறகு கே550டபிள்யூ வேண்டுமென்றால் 54/1706 குழாய் மட்டும் வாங்கினால் போதும், முன் பின் மூடிகள் அதே தான்.

உங்கள் எடைக்கு: ஜே415 என்றால் விகிதம் 5.5 பக்கம், ஜே800 என்றால் 11 பக்கம், கே550 என்றால் 7 பக்கம். உயரம் ஜே இரண்டுக்கும் சுமார் 700 மீட்டர், கே550-க்கு 900 மீட்டர் அளவில். எல்2-வுக்கு ஜே தாராளமாகப் போதும், கூடுதல் எழுத்துக்குக் கூடுதல் மதிப்பெண் கிடையாது. கே என்றால் ஆட்கள் நிற்க வேண்டிய தூரமும் 100 அடியிலிருந்து 200 அடியாகிவிடும்.

என் ஓட்டு ஜே415. டபிள்யூ என்பது ஒயிட் லைட்னிங், புகை நன்றாகத் தெரியும், சான்றளிப்பவர் கண்ணை விட்டு மறையாது. டி என்பது ப்ளூ தண்டர், ஒன்றரை செகண்டில் வேலை முடிந்துவிடும், புகையும் சொற்பம், வெறும் நீல வானத்தில் தேடுவது சிரமம்.

நாலாம் கம்பம்:

மோட்டாருக்குப் போகும் முன் ஒரு நிமிடம். அந்த 1.6 காலிபர் மோட்டார் இல்லாமல் எடுத்த கணக்கு. மோட்டார் உட்காருவது வால்பக்கம், அது சிஜியைப் பின்னால் இழுக்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ரீலோட் போட்ட கே550 சுமார் 1.5 கிலோ, அதன் நடுப்பகுதி மூக்கிலிருந்து 170 செ.மீ. (6.2 × 110 + 1.5 × 170) ÷ 7.7 = 121.7. சிபி 132.4. இடைவெளி 10.7 செ.மீ, அதாவது 0.76 காலிபர். ஒன்றுக்குக் கீழே. ஜே800 போட்டாலும் (1.1 கிலோ, நடுப்பகுதி 174) 0.9-தான் வருகிறது. பறக்கும், ஆனால் பாம்பு மாதிரி பறக்கும். பாதுகாப்பு அதிகாரி திருப்பி அனுப்பினால் தப்பு சொல்ல முடியாது.

மூக்கில் 400 கிராம் சேருங்கள், நுனியிலிருந்து 25 செ.மீ அளவில். கே550-க்கு 1.1, ஜே800-க்கு 1.25 என்று ஏறும். எடை 400 கிராம் கூடுவதை உந்துவிசைக் கணக்கிலும் சேர்த்துக்கொள்ளுங்கள், குழாயடி சொன்ன விகிதங்கள் பெரிதாக மாறாது, ஜே415 மட்டும் 5.4 ஆகும்.

எடை சேர்க்கும் விதம் முக்கியம். பிளாஸ்டிக் நோஸ்கோனில் ஈயக் குண்டையும் எபோக்ஸியையும் ஊற்றினால் அது ஒட்டவே ஒட்டாது, இறுகிய கட்டி தனியாகக் கழன்று உள்ளே குலுங்கும். பாராசூட் விரியும் இழுப்பில் அடிப்பக்கத்தைப் பிய்த்துக்கொண்டு வெளியே வரும். ஒரு 6 மி.மீ திருகுக் கம்பியை நோஸ்கோன் நீளத்துக்கு விட்டு, அடியில் பிளைவுட் வட்டு வைத்து, எடையை வாஷர்களாகக் கம்பியில் கோத்து நட் போட்டு இறுக்குங்கள். மோட்டார் மாறும்போது இரண்டு வாஷர் கழற்றவும் முடியும். ஊற்றியே ஆக வேண்டுமென்றால் மெதுவாக இறுகும் எபோக்ஸி, அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. ஒரேயடியாக ஊற்றினால் தன் சூட்டிலேயே கொதித்து பிளாஸ்டிக்கை வளைத்துவிடும்.

அடுத்தது கம்பம். ஜே415 விஷயத்தில் குழாயடியோடு எனக்கு உடன்பாடு பாதிதான். 8 அடி ரெயில் என்றால் 2.44 மீட்டர், ஆனால் ரெயில் பள்ளத்தில் ஓடும் மேல் பட்டன் வெளியேறியதுமே ராக்கெட் திரும்பலாம். மேல் பட்டன் அடியிலிருந்து 45 செ.மீ உயரத்தில் இருந்தால் பயனுள்ள நீளம் 2 மீட்டர்தான். 7.8 கிலோவுக்கு ஜே415 தரும் நிகர முடுக்கம் 43 மீ/செ². 2 மீட்டரில் வேகம் 13 மீ/செ. லூசர்னில் பிற்பகலில் காற்று எழும். 5 மீ/செ பக்கக் காற்று இருந்தாலே ராக்கெட் சந்திக்கும் கோணம் 21 டிகிரி. ஜே800 போட்டால் அதே கம்பத்தில் 19 மீ/செ, கோணம் 15-க்குக் கீழே.

ஆகவே: கம்பம் மாறாது என்றால் ஜே800. 12 அடி 1515 ரெயில் (ஒன்றரை அங்குலம்) கிடைத்தால் ஜே415-க்கும் 16 மீ/செக்கு மேல் வரும், அப்போது புகையை ரசிக்கலாம். 8 கிலோ ராக்கெட்டுக்கு 1010 ரெயில் எப்படியும் மெலிசு, காற்றில் வளைந்தாடும். 1010, 1515 இரண்டுக்கும் பட்டன் அளவு வேறு, துளை போடும் முன் முடிவு செய்யுங்கள். பட்டன் திருகை வெறும் அட்டையில் போடாதீர்கள், உள்ளே சென்டரிங் ரிங்கிலோ (மோட்டார் குழாயை நடுவில் பிடிக்கும் வளையம்) மரக்கட்டையிலோ பிடிக்க வேண்டும்.

குழாயடி:

8 அடி ரெயிலைக் கவனிக்காமல் எழுதிவிட்டேன். அந்தக் கம்பம்தான் என்றால் ஜே800, மறுப்பில்லை.

ஒட்டுப்பலகை:

சிஜி விஷயம் சரியாகப் பிடித்தீர்கள் அண்ணா. திருகுக் கம்பி முறையே வைக்கிறேன். ஜே800, 1515 பட்டன் என்று முடிவு. ரெக்கவரி (பத்திரமாகத் தரையிறக்குவது) பக்கம் யாராவது பாருங்கள். ட்ரோக் (உச்சியில் முதலில் திறக்கும் சிறு பாராசூட்) 24 அங்குலம், மெயின் 72, மெயினை 200 மீட்டரில் திறக்கிறேன். நோஸ்கோனுக்கு 2-56 நைலான் ஷியர் பின் (அழுத்தத்தில் அறுபட்டு விடுவிக்கும் சிறு திருகு) இரண்டு.

பட்டுநூல்:

72 அங்குலம் என்றால் எந்த 72? மோட்டார் எரிந்து முடிந்த ராக்கெட் சுமார் 7.1 கிலோ. கிண்ணம் போல ஆழமாகத் தைத்த பாராசூட் என்றால் இழுவைக் குணகம் 1.5-ஐ ஒட்டி வரும், இறங்கும் வேகம் 5.5 மீ/செ. தட்டையான துணிக் குடை என்றால் 0.8-தான், வேகம் 7.5. லூசர்ன் தரை காய்ந்த களிமண், கிட்டத்தட்ட சிமெண்ட். 7.5-இல் விழுந்தால் முதலில் தரையைத் தொடும் ஃபின்னின் வேர்ப்பகுதி விரியும். எல்2-வில் ராக்கெட் மறுபடி பறக்கக்கூடிய நிலையில் திரும்பினால்தான் தேர்ச்சி. தட்டைக் குடையாக இருந்தால் 96 அங்குலத்துக்குப் போங்கள். அந்த இடம் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 870 மீட்டர், காற்றும் கொஞ்சம் மெலிது, மேலே சொன்ன வேகங்களில் அதைச் சேர்த்துவிட்டேன்.

200 மீட்டர் சரியான உயரம். ட்ரோக்கில் 23 மீ/செ வேகத்தில் 700-லிருந்து 200 வரை 22 செகண்ட், மீதி 36 செகண்ட், மொத்தம் ஒரு நிமிடம். 5 மீ/செ காற்றில் 300 மீட்டர் நடந்தால் போதும். உச்சியிலேயே மெயின் திறந்துவிட்டால் அறுநூறுக்கு மேல்.

அப்படித் திறந்துவிடும் ஆபத்து உங்களுக்கு உண்டு. மூக்கில் 400 கிராம் சேர்த்துவிட்டீர்கள். ட்ரோக் கயிறு முழு நீளம் ஓடி வெட்டி இழுக்கும்போது அந்த எடை இரண்டு பின்களை அறுத்துக்கொண்டு முன்னால் பாயும். நான்கு பின் போடுங்கள். அட்டைக் குழாயில் பின் துளை நாளடைவில் அகன்றுவிடும், துளையைச் சுற்றி மெல்லிய சயனோ பசை (சூப்பர் குளூ) ஊறவிட்டு, காய்ந்ததும் மறுபடி துளையிட்டால் நிற்கும்.

நான்கு பின்னை அறுக்க வேண்டிய கருமருந்து: உங்கள் குழாயின் உள்விட்டம் 5.38 அங்குலம். 10 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 10 பவுண்டு) அழுத்தம் உண்டானாலே மூடியின் மேல் 1000 நியூட்டன் விழும், அது போதும். 18 அங்குல அறைக்கு 4எஃப் (மிக நுண்ணிய) தூள் 2 கிராம் அளவில் ஆரம்பியுங்கள். சிறிய ராக்கெட்டுக்காரர்கள் சொல்லும் 15 பிஎஸ்ஐ கணக்கை இந்த விட்டத்துக்கு அப்படியே எடுத்தால் தேவைக்கு மேல் போய்விடும். கணக்கு ஆரம்பம்தான், தரைச் சோதனைதான் தீர்ப்பு: பாராசூட், நோமெக்ஸ் (தீ தாங்கும்) துணி, பின் எல்லாம் பறப்பது போலவே வைத்து, கிடத்தி, நீளக் கம்பி இழுத்து, இரண்டு முனைக்கும் நேர் எதிரே யாரும் நிற்காமல் சுடுங்கள். நோஸ்கோன் கழன்று 2-3 மீட்டர் போய், பாராசூட் முழுக்க வெளியே வந்தால் சரி. வாயிலேயே நின்றால் கால் கிராம் ஏற்றுங்கள். இரண்டாவது ஆல்டிமீட்டருக்கு கால் பங்கு அதிக மருந்து, ஒரு செகண்ட் தாமதம். இரண்டும் ஒரே நேரத்தில் சுட்டால் அறை தாங்காது.

அட்டைக் குழாயில் மறக்கக்கூடியவை இரண்டு. பாராசூட் அறைகள் ஒவ்வொன்றிலும் 3 மி.மீ துளை ஒன்று வேண்டும், இல்லையென்றால் மேலே போகப் போக உள்ளே அடைபட்ட காற்றே குழாய்கள் சேரும் மூட்டைப் பிதுக்கும். ஜே800 சட்டென்று அணையும்போது ஃபின் உள்ள பின்பாதி காற்றில் பின்தங்கும், முன்பாதி ஓடப்பார்க்கும், அந்த இழுவையில் மூட்டு கழலும். எனவே ட்ரோக் பக்க மூட்டுக்கும் இரண்டு பின். ஆல்டிமீட்டர் அறைக்குத் தனித் துளைகள்: 9 அங்குல நீளம் என்றால் 4.5 மி.மீ துளை நான்கு, சுற்றிச் சம இடைவெளியில், ஓரம் மழமழவென்று. ஒரே துளை போட்டால் பக்கக் காற்றின் அழுத்தத்தை உயரம் என்று நினைத்துக்கொள்ளும்.

ஐபோல்ட் (கயிறு கட்டும் வளையத் தலை போல்ட்) கம்பியை வளைத்துச் செய்ததா, காய்ச்சி அடித்துச் செய்ததா? வளைத்த கம்பி இழுப்பில் விரிந்து கயிறை விட்டுவிடும்.

குழாயடி:

ரீலோட் கட்டும்போது கிட்டோடு வரும் தாளை வரிக்கு வரி பாருங்கள், போன தடவை எப்படிக் கட்டினோம் என்று நினைவில் வைத்துக் கட்ட வேண்டாம். ஓ-ரிங்கில் (கசிவு தடுக்கும் ரப்பர் வளையம்) கிரீஸ் மெல்லிய படலமாக இருந்தால் போதும், ஒரு தலைமுடி ஒட்டியிருந்தாலும் துடைத்துவிட்டு மறுபடி. முன் மூடி கசிந்தால் மோட்டார் மவுண்டும் மேலிருக்கும் பாராசூட்டும் சேர்ந்து எரியும். டிலே கிரெயினில் (தாமதத்துக்காக மெதுவாக எரியும் துண்டு) கிரீஸ் படக்கூடாது.

இக்னைட்டர் (பற்றவைக்கும் கம்பி) எரிபொருளின் மேல்முனையைத் தொட வேண்டும். பாதியில் நின்றால் கீழ்ப்பகுதி மட்டும் பற்றி, "புஸ்" என்று புகைந்து அணையும், சில சமயம் பிறகு உயிர்த்தெழும். வெளியே கம்பியில் டேப் ஒட்டி நீளத்தைக் குறித்துக்கொண்டு செருகினால் ஊகம் தேவையில்லை. நாஸில் (வாயு வெளியேறும் வாய்) மூடியில் காற்றுப் போக ஓர் ஓரம் வெட்டுங்கள், முழுக்க அடைத்தால் அழுத்தம் இக்னைட்டரையே வெளியே துப்பும்.

களத்தில் வரிசை: ரெயிலை நிமிர்த்திய பின் ஆல்டிமீட்டர் இரண்டையும் ஆன் செய்து பீப் எண்ணுங்கள், அதற்குப் பிறகுதான் இக்னைட்டர், மின்கம்பி கிளிப் இரண்டையும் ஒன்றோடொன்று தேய்த்துத் தீப்பொறி இல்லை என்று பார்த்துவிட்டு இணைப்பு. கேஸை அன்று மாலையே சோப்புத் தண்ணீரில் ஊறப்போடுங்கள். ஒரு வாரம் விட்டால் மூடி கழல மறுக்கும்.

ஒட்டுப்பலகை:

என்னிடம் இருப்பது தட்டைக் குடைதான், 96 வாங்குகிறேன். ஐபோல்ட் வளைத்தது, மாற்றிவிடுகிறேன். கடைசியாக ஒன்று: டாலஸிலிருந்து விமானத்தில் வருகிறேன். ரீலோடைச் செக்-இன் பெட்டியில் போடலாமா?

நாலாம் கம்பம்:

கூடாது தம்பி. கைப்பெட்டி, செக்-இன் இரண்டிலும் தடை. கருமருந்தும் ஈ-மேட்சும் (அதைப் பற்றவைக்கும் மின் தீக்குச்சி) அப்படியே. ராக்கெட்டும் புதிய காலிக் கேஸும் வரட்டும். ரீலோடையும் மற்றதையும் களத்துக்கு வரும் விற்பனையாளரிடம் முன்கூட்டியே சொல்லி எடுத்துவைக்கச் சொல்லுங்கள், அபாயப் பொருள் தபால் கட்டணமும் மிச்சம். ஜே800-ஓடு ஜே415 ஒன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள், காலை 8 மணிக்குக் காற்று அசையாமல் இருந்து நீளக் கம்பமும் காலியாக இருந்தால் குழாயடிக்குப் புகை காட்டலாம்.