இது மரத்தேரைதானா? பார்த்துச் சொல்லுங்கள்

வணக்கம். போன வாரம் குடகுப் பக்கம் ஓடையோரக் காட்டில், மழை விட்ட இரவில், ஆள் உயரத்தில் இருந்த இலை ஒன்றில் இது உட்கார்ந்திருந்தது. நாலு சென்டிமீட்டருக்குள்தான் இருக்கும். முதலில் புதர்த்தவளை என்றுதான் நினைத்தேன். ஆனால் தோலில் முழுக்கத் தேரைக்கு இருப்பதுபோல் பருக்கள், கண்ணுக்குக் கீழிருந்து தோள்வரை வெள்ளைப் பட்டை. அதே சமயம் விரல் நுனிகள் தட்டையாக அகன்றிருக்கின்றன! தேரைக்கு ஏது இந்த விரல் என்று குழம்பிவிட்டேன்.

தேடியதில், விலங்கியலாளர் குந்தர் 1870களில் விவரித்த மலபார் மரத்தேரையோடு ஒத்துப்போகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் இல்லாத இனம். மரமேற வசதியாகத்தான் அந்த விரல்களாம். வீட்டு வாசலில் விளக்கடியில் பூச்சி பிடிக்கும் தேரைகளையே பார்த்துப் பழகிய எனக்கு இன்னும் நம்ப முடியவில்லை.

படங்கள் கீழே. பக்கவாட்டுப் படம் கொஞ்சம் கலங்கல், மன்னிக்கவும். அதைக் கையில் பிடிக்கவில்லை, தொடவும் இல்லை, அதனால் அடிவயிற்றுப் படம் கிடையாது. இருக்கிற படங்களை வைத்தே உறுதி செய்ய முடியுமா? கண்ணுக்குப் பின்னால் உள்ள நச்சுச் சுரப்பி தெரிகிறதா என்றும் பாருங்கள். அப்புறம், இதன் குரலைப் பதிவு செய்தவர்கள் யாராவது இருந்தால் இங்கே போடுங்களேன். அடுத்த மாதம் அதே ஓடைக்குப் போகிறேன், காதால் தேட உதவும். சரியான இடத்தைப் பொதுவில் எழுத விருப்பமில்லை, ஆய்வாளர்கள் தனியாகக் கேட்டால் சொல்கிறேன்.