மறுமொழி: லொபோலோவுக்கு எந்தச் சொல்? ‘மணப்பரிசம்’ என் பரிந்துரை

அன்புள்ள குழுவினருக்கு, டர்பனிலிருந்து வணக்கம். தென்னாப்பிரிக்காவில் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டாருக்குக் கொடுக்கும் ‘லொபோலோ’வை நம் சொற்பட்டியலில் எந்தத் தமிழ்ச் சொல்லால் குறிப்பது என்ற பேச்சுக்கு என் மறுமொழி இது.

> யார் கொடுத்தாலும் எல்லாம் வரதட்சணைதானே? புதுச்சொல் எதற்கு?

ஐயா, இந்தியாவின் 1961ஆம் ஆண்டு வரதட்சணைத் தடுப்புச் சட்டமும் ஏறத்தாழ அப்படித்தான் வரையறுக்கிறது. எந்தத் தரப்பு எந்தத் தரப்புக்குக் கொடுத்தாலும் குற்றம். இஸ்லாமிய மணத்தில் மணமகன் மணமகளுக்குத் தரும் மஹருக்கு மட்டும் விலக்கு. தடுக்க வந்த சட்டத்துக்கு அந்த அகலம் தேவை. கலைச்சொல்லுக்கு அது ஆகாது. கொடுப்பவர் யார், பொருள் கடைசியில் யாரிடம் தங்குகிறது என்பதைச் சொல் காட்ட வேண்டும். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமையில் சீதனம் மகளுக்கே உரிய சொத்து. வரதட்சணையோ மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்விடுகிறது. இந்த இரண்டையுமே ஒன்றாக எழுதிக் குழப்பிக்கொண்டிருக்கிறோம். மாப்பிள்ளை வீட்டார் பெண்ணின் குடும்பத்துக்குக் கொடுக்கும் லொபோலோவையும் அதே பெயரால் அழைத்தால், திசையே தலைகீழாகிவிடும்.

> அப்படியானால் ‘பெண் விலை’ என்று நேராகச் சொல்லிவிடலாமே.

இதைத்தான் வன்மையாக மறுக்கிறேன். மானிடவியலில் இந்த வழக்கு எப்போதோ பேசி முடிந்தது. ‘விலை’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லைக் கைவிட்டு, ‘மணமகள் செல்வம்’ என்று பொருள்படும் சொல்லை ஆளலாம் என மானிடவியலாளர் எவன்ஸ் பிரிச்சர்ட் 1931இலேயே முன்மொழிந்தார், துறையும் ஏற்றுக்கொண்டது. டர்பன் அடங்கிய நேட்டாலில் லொபோலோவுக்கு விலைப்பட்டியல் போல எண்ணிக்கை வைத்தது காலனி அரசு. சாதாரணக் குடும்பத்துக்குப் பத்து மாடுகள் என 1869இல் வரம்பு கட்டியது அதுதான். பெண்ணின் தாய்க்குரிய மாட்டையும் சேர்த்துப் பதினொன்று என்று இன்றும் பேசுகிறார்கள்.

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் எங்கள் தெருவிலேயே ஒரு ஜூலு குடும்பத்தில் இந்த லொபோலோப் பேச்சு நடந்தபோது பார்த்திருக்கிறேன். விடியற்காலையில் மாப்பிள்ளையின் பெரியப்பாவும் தாய்மாமனும் வாசற்கதவுக்கு வெளியே நின்று, பெண் வீட்டாரின் குலப்பெயர்களை உரக்கப் போற்றிச் சொன்னார்கள். உள்ளே உடனே விட்டுவிடவில்லை. ‘அபகோங்கி’ என்னும் இந்தத் தூதர்கள் அமர்ந்ததும், ‘இம்வுலம்லோமோ’, அதாவது வாய் திறப்பதற்கான பணத்தை, முதலில் வைத்தார்கள். அதுவரை பெண் வீட்டார் ஒரு வார்த்தையும் பேசவில்லை. மாப்பிள்ளை அங்கே வரவே இல்லை. மேசையில் இருந்தவை ராண்ட் நோட்டுகள், பேச்சில் எண்ணப்பட்டவை மாடுகள். பிறகு திருமணத்தில் ‘உமாபோ’ என்று பெண்ணும் புகுந்த வீட்டாருக்குப் பாயும் போர்வையும் வழங்குவாள். இதற்கு விலை என்ற பெயர் பொருந்துமா? லொபோலோவைச் சேர்த்து முடிக்க இயலாமல் திருமணத்தைத் தள்ளிப்போடும் இளைஞர்கள் இங்கே இருக்கிறார்கள். பேராசைப்படும் குடும்பங்களும் இருக்கின்றன. அதைக் கண்டித்து எழுதுவோம். கண்டனத்தை வரையறைக்குள் புகுத்த வேண்டாம். கிறித்தவ முறைப்படி நடக்காத திருமணம் செல்லாது என்று 1913இல் கேப் நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது தாலி கட்டிய நம் பெண்களின் நிலை என்னவாயிற்று என்பதை இந்த நாட்டுத் தமிழர்கள் அறிவார்கள். அடுத்தவர் மணமுறைக்குப் பெயர் வைக்கையில் நமக்குக் கூடுதல் கவனம் வேண்டும்.

‘மகட்கொடை’ என்று குழுவில் வந்த பரிந்துரை அழகானது. ஆனால் அது மகளைக் கொடுப்பதையே குறிக்கும், மகளுக்காகக் கொடுப்பதை அன்று. இலக்கணத்தில் நிலைபெற்ற சொல்லைப் புரட்டிப்போடக் கூடாது.

நம்மிடம் ‘பரிசம்’ இருக்கிறது. தமிழ் எழுதப் படிக்கத் தெரியாத டர்பன் குடும்பங்கள்கூட, வீட்டில் ஆங்கிலமே பேசினாலும், தட்டு வரிசையோடு பெண் வீட்டுக்குப் போகும் நாளைப் ‘பரிசம்’ என்றுதான் சொல்கின்றன. உயிரோடு இருக்கும் சொல், திசையும் சரி.

> இப்போது பரிசப் புடவையும் நகையும் பெண்ணுக்கே போகின்றனவே?

நியாயமான தடை, அம்மா. அதனால்தான் வெறும் ‘பரிசம்’ என்று விடாமல் ‘மணப்பரிசம்’ என்கிறேன். பரிசம் என்பது சடங்கு. மணப்பரிசம் என்பது மணத்தின் பொருட்டு மாப்பிள்ளை தரப்பு பெண்ணின் குடும்பத்துக்குக் கொடுப்பதாக ஒப்புக்கொள்ளும் பணமோ பொருளோ கால்நடையோ. தென்னாப்பிரிக்காவின் 1998ஆம் ஆண்டு வழக்காற்றுத் திருமண ஏற்புச் சட்டம் லொபோலோவுக்குத் தரும் வரையறையும் ஏறக்குறைய இதுதான். லொபோலோ, பொகாடி, பொஹாலி, மகாடி என்று பல மொழிப் பெயர்களை அடுக்கிவிட்டு, வேறு பெயரில் வழங்கினாலும் பொருந்தும் என்கிறது அச்சட்டம். அந்தப் பெயர்களை நாமும் அப்படியே எழுதுவோம். அவற்றின் பொதுப்பெயராக மணப்பரிசம் நிற்கட்டும். மஹர் மணமகளுக்கே உரியது என்பதால் இதில் சேராது, மஹராகவே இருக்கட்டும்.

உமாபோவுக்குச் ‘சீர்’ என்பதே போதுமா, ‘எதிர்ச்சீர்’ வேண்டுமா? நான் ‘எதிர்ச்சீர்’ பக்கம். மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள், திங்களன்று ‘மணப்பரிசம்’, ‘எதிர்ச்சீர்’ இரண்டையும் சொற்பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.