குடித்துக் கரைந்த உடம்பு: தோட்டத்தில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

பழக்குலை:
சித்தப்பாவின் கைக்கடிகாரம் கண்ணை விட்டுப் போகவில்லை. மலேசியாவின் பத்தாங் பெர்ஜுந்தையில் (பெஸ்தாரி ஜெயா என்ற புதுப்பெயர் எனக்கு வாயில் வராது) செம்பனைக் குலை வெட்டியவர். 20 வருட சம்சு, அதாவது மலிவுச் சாராயம். தீபாவளிக்கு வந்தபோது எடை மிஷினில் ஏறினார், 72 கிலோ. “தேறிட்டாருல்ல” என்றார் அம்மா. அப்புறம் பலகாரத் தட்டை வாங்கக் கையைத் தூக்கினார். கடிகாரம் மணிக்கட்டிலிருந்து வழுக்கி முழங்கைக்குப் போய்விட்டது. வயிறு மட்டும் கைலி முடிச்சு நிற்காத அளவுக்கு இறுகியிருந்தது. ஆஸ்பத்திரியில் 7 லிட்டர் நீர் எடுத்தார்கள். மறுநாள் 65 கிலோ. நாங்கள் சதை என்று சந்தோஷப்பட்டது அத்தனையும் தண்ணீர்.

மண்டோர் மகன்:
எல்லாம் சம்சு செய்கிற வேலை. கள்ளை இதில் சேர்க்காதீர்கள். எங்கள் தாத்தா 70 வயதிலும் கள்ளுக்கடைக்கு நடந்தே போவார், கட்டை மாதிரி உடம்பு. சம்சு குடித்த மாமாவுக்குத்தான் மார்பு பெண்களுக்குப் போலப் பெருத்தது. சட்டையில்லாமல் வாசலுக்கே வரமாட்டார்.

ரவாங் அக்கா:
தம்பி, கள்ளிலும் அதே ஆல்கஹால்தான், அளவுதான் குறைவு. தாத்தா எத்தனை குவளை குடித்தார் என்று யாராவது எண்ணினீர்களா? மாமாவுக்கு ஈரல் கெட்டிருக்கும். அப்போது ஆண் ஹார்மோன் குறைந்து பெண் ஹார்மோனின் கை ஓங்கும்.

என் வீட்டுக்காரருக்கும் தொடை சூம்பியது, அதனால் கேட்காமலே சொல்கிறேன். ஆல்கஹாலில் கிராமுக்கு 7 கலோரி. அதிலேயே பசி அடங்கிவிடும், சோறு இறங்காது, உடம்பு தன் தசையையே தின்னும். ஈரல் நோய்க்கு முட்டை, மீன் ஆகாது என்பது பழைய பேச்சு. இப்போது தினமும் உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் என்கிறார்கள், அதுவும் நீரைக் கழித்த எடைக்கு. படுக்குமுன் ரொட்டியும் மைலோவும் கொடுங்கள், ராத்திரிப் பட்டினியில் தசை இன்னும் கரையும். கருவாடு, ஊறுகாய் வேண்டாம், உப்பு நீரைச் சேர்க்கும். குடியைத் திடீரென நிறுத்தச் சொல்லாதீர்கள், வலிப்பு வரலாம். கிளினிக்கில் சொல்லி நிறுத்துங்கள்.

பழக்குலை:
நன்றி அக்கா. சித்தப்பா பங்குனியில் போய்விட்டார். கடிகாரம் என்னிடம்தான் இருக்கிறது. தோல் பட்டையில் அவரே ஆணியால் குத்திய ஓட்டைகள் ஐந்து.