புதுப்பிப்பு: தினமும் அணைத்தும் 'அப் டைம்' 19 நாள் காட்டிய விண்டோஸ் 10 லேப்டாப் (தீர்ந்தது)

பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. தினமும் இரவு ஷட் டவுன் செய்தும், டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், சிபியு பக்கத்தில் அப் டைம் (கணினி தொடர்ந்து ஓடிய நேரம்) 19 நாள் என்று காட்டுகிறதே எனக் கேட்டிருந்தேன்.

காரணம் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்தான் என்று சொன்னவர் கணிப்பு சரி. கணினியை வேகமாகத் தொடங்கவைக்கும் இந்த வசதி விண்டோஸ் 8-இலிருந்தே இருக்கிறது. ஷட் டவுன் கொடுத்தால் நம் நிரல்கள் மூடப்படும். ஆனால் விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலின் நிலை டிஸ்க்கில் சேமிக்கப்பட்டு, மறுநாள் அப்படியே திரும்ப ஏற்றப்படும். அதனால் அப் டைம் எண்ணிக்கை பூஜ்யத்துக்குப் போவதில்லை.

முதலில் ரீஸ்டார்ட் செய்தேன், உடனே பூஜ்யத்திலிருந்து எண்ணத் தொடங்கியது. ரீஸ்டார்ட் எப்போதும் முழு பூட்தான், அதாவது கெர்னலும் புதிதாகத் தொடங்கும். அப்புறம் ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுத்துப் பார்த்தேன், அதுவும் வேலை செய்தது. நிரந்தரமாக வேண்டுமென்றால் கன்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், 'பவர் பட்டன்கள் என்ன செய்ய வேண்டும்' பக்கத்தில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் டிக்கை எடுக்கலாம். நான் எடுத்துவிட்டேன்.

எதிர்பாராதது ஒன்று: அந்த டிக் பெட்டி மங்கலாக இருந்தது, தொடவே முடியவில்லை. மேலே 'இப்போது கிடைக்காத அமைப்புகளை மாற்று' என்ற இணைப்பை அழுத்திய பிறகே திறந்தது. இதில்தான் எனக்கு அரை மணி நேரம் போனது.

ஹைபர்னேட்டையே (திறந்திருப்பதை டிஸ்க்கில் சேமித்துவிட்டு கணினியை அணைக்கும் வசதி) அணைக்கச் சொன்ன யோசனையும் பலிக்கும்தான், ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் அதை நம்பித்தான் இயங்குகிறது. ஆனால் பயணத்தில் எனக்கு அது தேவை, அதனால் விட்டுவிட்டேன்.