இன்ஜின் அசெம்பிளி விஆரில் (மெய்நிகர் உலகில்) திக்குகிறது. எஃப்இஏ (கணினியில் செய்யும் வலிமைக் கணக்கு) முடிவையும் அதிலேயே காட்ட வழி உண்டா?

கேள்வி: மரைக்குறடு
வணக்கம். பைக் இன்ஜின் ஒன்றை, முன்மாதிரி செய்வதற்கு முன்பே விஆரில் சரிபார்க்க வேண்டும். சுமார் 900 பாகங்கள். கேட் (கணினி வடிவமைப்பு) மென்பொருளின் ஸ்டெப் ஃபைலை மெஷ்ஷாக்கி (முக்கோண வலையாக்கி), யூனிட்டி என்ற 3டி மென்பொருளில் ஏற்றி, கணினியோடு இணைத்த குவெஸ்ட் 3 ஹெட்செட்டில் பார்த்தால், தலையைத் திருப்பும்போதெல்லாம் படம் திக்குகிறது, தலை சுற்றுகிறது. மெக்கானிக்கின் கையும் ஸ்பேனரும் உள்ளே போகுமா என்பதுதான் முக்கியம். மவுண்டிங் பிராக்கெட்டின் ஸ்ட்ரெஸ் (தகைவு) பற்றிய எஃப்இஏ முடிவையும் அங்கேயே காட்டச் சொல்கிறார்கள்.

பதில்: வார்ப்படம்
90 ஹெர்ட்ஸில் ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது 11.1 மில்லி விநாடி. இரண்டு கண்ணுக்கும் அதற்குள் வரைந்தாக வேண்டும். முதலில் யூனிட்டியின் புரொஃபைலரை (நேரம் எங்கே செலவாகிறது என்று காட்டும் கருவி) திறந்து, நேரம் சிபியுவில் போகிறதா, ஜிபியுவில் போகிறதா என்று பாருங்கள். 900 பாகமும் தனித்தனியாக இருந்தால் பெரும்பாலும் டிரா கால்தான் (வரையச் சொல்லி ஜிபியுவுக்குப் போகும் கட்டளை) சிபியுவை அடைக்கும். அப்போது முக்கோணங்களைக் குறைத்துப் பயனில்லை. கழற்றத் தேவையில்லாத பாகங்களை மெட்டீரியல் வாரியாக ஒரே மெஷ்ஷாக இணையுங்கள்; ஒரே மாதிரி போல்ட்டுகளுக்கு இன்ஸ்டன்சிங் (ஒரே மெஷ்ஷைப் பல இடங்களில் ஒரே கட்டளையில் வரைவது) போதும்.

ஜிபியுதான் திணறுகிறது என்றால், மரையையும் பேரிங் குண்டுகளையும் கேட்-இலேயே சப்ரஸ் செய்துவிட்டு (நீக்கி வைத்துவிட்டு) மறுபடி மெஷ் எடுங்கள். மரை வெட்டிய ஒரு போல்ட்டே ஆயிரக்கணக்கில் முக்கோணம் தின்னும். கை படும் பாகங்களுக்கு 0.2 மிமீ கார்டு டாலரன்ஸ் (உண்மை வளைவிலிருந்து மெஷ் விலக அனுமதிக்கும் அளவு), மற்றவற்றுக்கு 1 மிமீ வைத்துப் பார்க்கலாம். கரடுமுரடாக எடுத்த மெஷ்ஷை டெசிமேட் செய்யாதீர்கள் (முக்கோணங்களை மேலும் குறைக்காதீர்கள்), துளைகள் கோணலாகிவிடும்.

இன்னொன்று: கேட் மில்லிமீட்டர், யூனிட்டி மீட்டர். அச்சுத் திசையும் வேறு. மாற்றும்போது மாடல் கண்ணாடி பிம்பமாகப் புரண்டிருக்கலாம். வார்ப்பில் பொறித்த பாக எண் நேராக வாசிக்க வருகிறதா பாருங்கள்.

பதில்: பதின்மூன்று எம்எம்
ஸ்பேனர் விஷயத்தில் கொலைடரை (மோதலைக் கண்டறியும், கண்ணுக்குத் தெரியாத வடிவம்) கவனியுங்கள். கான்வெக்ஸ் (குழிவே இல்லாத) கொலைடர் துளையையும் பள்ளத்தையும் மூடிவிடும். இடம் இருந்தும் ஸ்பேனர் முட்டுவதாகக் காட்டும். உறையைப் பல சிறிய கான்வெக்ஸ் துண்டுகளாகப் பிரித்துக் கொடுங்கள்.

எம்8 (8 மிமீ விட்டமுள்ள) போல்ட்டுக்கு 13 மிமீ ஸ்பேனர். வாய் 15 டிகிரி சாய்ந்த ஓப்பன் எண்ட் ஸ்பேனரைப் புரட்டிப் புரட்டிப் போட்டால் 30 டிகிரி வீச்சு போதும். 72 பல் ராட்செட்டுக்கு 5 டிகிரி. ஆனால் சாக்கெட்டோடு ராட்செட் தலையின் உயரம் போல்ட்டுக்கு மேலே கிடைக்க வேண்டும், பல இடங்களில் அதுதான் கிடைக்காது.

கையில் தடை உணரப்படாததால் மெய்நிகர் கை உலோகத்தின் ஊடே போய்விடும். தொட்டவுடன் பாகம் சிவப்பாகும்படி வையுங்கள். 10 மிமீக்குக் குறைவான இடைவெளியை விஆரில் முடிவு செய்யவே கூடாது, கேட்-இல் அளவெடுங்கள். கை எட்டுகிறதா, போல்ட் கண்ணில் படுகிறதா, உடலை எவ்வளவு வளைக்க வேண்டியிருக்கிறது, இவற்றுக்குத்தான் விஆர். குட்டையானவர், உயரமானவர் இருவரையும் போட்டுப் பாருங்கள்.

பதில்: கணுவலை
ஸ்ட்ரெஸ் நிறத்தை ஆர்ஜிபியாக (சிவப்பு-பச்சை-நீல மதிப்பாக) மெஷ்ஷின் முனைகளில் பதிக்க வேண்டாம். நீல முனைக்கும் சிவப்பு முனைக்கும் நடுவே ஊதா வரும். உங்கள் நிற அட்டவணையில் அங்கே பச்சையும் மஞ்சளும் இருக்கும். மதிப்பை 0 முதல் 1 வரை சுருக்கி யூவி-யாக (படத்தில் எந்த இடம் என்று சொல்லும் எண்ணாக) அனுப்பி, நிறப்பட்டையை டெக்ஸ்சராக (மேலே ஒட்டும் படமாக) கொடுங்கள். டெக்ஸ்சர் கிளாம்ப்பில் (ஓரத்து நிறத்தோடு நிறுத்தும் அமைப்பு) இருக்க வேண்டும். ரிபீட்டில் (படம் திரும்பத் தொடங்கும் அமைப்பு) விட்டால் உச்ச ஸ்ட்ரெஸ் இடத்தில் நீலம் கலந்துவிடும். ஷேடர் (நிறம் பூசும் நிரல்) அன்லிட்டாக (விளக்கொளி பாதிக்காததாக) இருக்கட்டும், விளக்கின் நிழலை ஸ்ட்ரெஸ் மாற்றம் என்று நினைத்துவிடுவார்கள்.

பாராவியூவில் (முடிவுகளைப் படமாகக் காட்டும் மென்பொருள்) எக்ஸ்ட்ராக்ட் சர்ஃபேஸ் (வெளிப்பரப்பை மட்டும் எடுப்பது) போட்டாலே முனைகள் வெகுவாகக் குறையும். அதற்குமேல் டெசிமேட் செய்தால் ஃபில்லெட்டில் (உருட்டிய உள்மூலை) இருக்கும் உச்சமே காணாமல் போகலாம். அந்த எண்ணை மூல முடிவிலிருந்து எடுத்துத் தனி லேபிளாக ஒட்டுங்கள். உருமாற்றத்தை 50 மடங்கு பெரிதாக்கினால் பிராக்கெட் பக்கத்து உறைக்குள் புகுந்ததுபோல் தெரியும். ஸ்பேனர் சோதனையின்போது உருமாறாத மாடலுக்கே மாற்றிக்கொள்ளுங்கள்.